மாட்டு மாலையும் மாப்பிள்ளை கிரீடமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் கணக்கு முடிப்பு, ஆடிட், அப்புறம் மகள் கல்யாணத்தில் விட்டுப்போன வேலைகள் என்று ஆணி மேல ஆணி. கல்யாணம் 2024 கார்த்திகையில் இங்கே கொல்கத்தாவில் நடந்தது. மாப்பிள்ளை வங்காளி. (அந்தக் கதைக்குத் தனிப்பதிவு போடலாம், ஆனா மகள் கொலை பண்ணிடுவா.) இன்னிக்கு எழுத வந்தது கல்யாணத்துக்குப் போட்ட பூவைப் பற்றி. நிஜப்பூ இல்லை, கையால் செய்த பூ. அதுவும் கல்யாணப் பொண்ணே உட்கார்ந்து செய்தது.

ஆரம்பித்தது காசுக் கணக்கில்தான். மண்டப அலங்காரத்துக்கு டெக்கரேட்டர் கொடுத்த கொட்டேஷனைப் பார்த்ததும் எங்க வீட்டு ரங்கமணி ரெண்டு தரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். பாதிக்கு மேல் பூவுக்கு. மறுநாள் காலையில் குப்பைக்குப் போகிற பூவுக்கு. அப்போதுதான் மகள் சொன்னாள், "ம்மா, நான் ஷோலாவில் செஞ்சுக்கறேன். ஆறு மாசம் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை செஞ்சா போதும்."

ஊருக்கு போன் போட்டு இதைச் சொன்னதும் எங்கம்மா கேட்ட முதல் கேள்வி: "ஷோலான்னா என்னடி?"

"நெட்டிம்மா. நம்ம ஊர் நெட்டி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வந்தது பாருங்க. "மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குப் போடற மாலையை எம் பேத்தி கழுத்துல போடப் போறீங்களா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. ஆடுதுறைப் பக்கம் பிறந்தவர்களுக்கு நெட்டி என்றால் மாட்டுப் பொங்கல்தான். பக்கத்தில் இருக்கிற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் பேர் போனது என்று எல்லோருக்கும் தெரியும். பொங்கல் வந்தால் அதே ஊர் நெட்டி மாலைக்கும் பேர் போனது. குளத்திலும் ஏரியிலும் வளர்கிற நெட்டியை அறுத்து, காய வைத்து, தோல் சீவி, துண்டு துண்டாக நறுக்கி, பச்சை, சிவப்பு, மஞ்சள் சாயம் ஏற்றி நாரில் கோர்ப்பார்கள். சின்ன வயசில் அப்பா சைக்கிள் ஹேண்டில்பாரில் பத்துப் பன்னிரண்டு மாலை தொங்கவிட்டுக் கொண்டு வருவார். கொசுவத்தி சுத்த ஆரம்பித்தால் நிற்காது, விஷயத்துக்கு வருகிறேன்.

அதே செடி, அதே வெள்ளைத் தக்கை, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே வந்தால் மாப்பிள்ளை தலையில் கிரீடமாக ஏறிவிடுகிறது. தாவரவியலில் ஏஸ்கைனோமினி ஆஸ்பெரா என்று பேர். பயறு குடும்பத்துச் செடி, ஆனால் தண்ணீரில் வளரும். மழைக்காலத்தில் வயலிலும் சதுப்பிலும் தானாக முளைத்து, மழை ஓய்கிற சமயம் அறுப்புக்கு வரும். மேலே பழுப்புத் தோல், உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை. கையில் எடுத்தால் எடையே தெரியாது. வங்காளத்தில் இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள்: பாத் ஷோலா, காட் ஷோலா. பாத் என்றால் சோறு, காட் என்றால் கட்டை. சோறு மாதிரி மெத்தென்று இருப்பதுதான் நுண்ணிய வேலைக்கு ஆகும்.

வங்காளிக் கல்யாணத்துக்குப் போயிருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை தலையில் கூம்பு மாதிரி உயரமாக, வெள்ளை வெளேரென்று ஒன்று இருக்கும். அதற்குப் பேர் டோபோர். பெண்ணுக்கு நெற்றியோடு வருகிற முகுட். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும்போதும் குட்டி டோபோர் ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் டோபோரைப் பெண் வீட்டுக்காரர்கள்தான் கொடுக்கிறது வழக்கம். ஆக, அது எங்கள் தலையில் விழுந்த செலவு.

இதற்கு ஒரு புராணக் கதை சொல்கிறார்கள். பரமசிவன் பார்வதியைக் கல்யாணம் செய்ய இமயமலைக்குப் புறப்படும்போது தனக்கு வெள்ளைக் கிரீடம் வேண்டும் என்று விஸ்வகர்மாவைக் கேட்டாராம். சிவன் விருப்பப்படி தண்ணீரிலிருந்து ஷோலா முளைத்தது. ஆனால் விஸ்வகர்மாவால் அதில் வேலை செய்ய முடியவில்லை. கல்லும் இரும்பும் பழகின கை, இவ்வளவு மெத்தென்ற சாமான் பிடிபடவில்லை. சிவன் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கித் தண்ணீரில் போட, ஒரு இளைஞன் எழுந்து வந்து கிரீடமும் மாலையும் செய்து கொடுத்தான். அவன் வழியில் வந்தவர்கள்தான் மாலாகார்கள், அதாவது மாலை கட்டுகிறவர்கள். இந்த ஜாதிக்காரர்கள்தான் தலைமுறை தலைமுறையாக ஷோலா வேலை பார்க்கிறார்கள்.

மாலாகார்களைப் பற்றித் தேடும்போது கண்ணில் பட்ட இன்னொரு விஷயம். டாக்காவில் சிவில் சர்ஜனாக இருந்த ஜேம்ஸ் வைஸ் என்ற வெள்ளைக்கார டாக்டர், கிழக்கு வங்காளத்து ஜாதிகளையும் தொழில்களையும் பற்றி 1883-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அம்மை குத்துவதும் மாலாகார்கள் தொழில்களில் ஒன்று என்று அதில் வருகிறது. தடுப்பூசி வருவதற்கு முந்தைய பழைய முறை: அம்மைக் கொப்புளத்தில் எடுத்ததை ஆரோக்கியமானவர் தோலில் கீறி ஏற்றுவது. சீதளா தேவி வழிபாட்டோடு சேர்ந்து நடந்த காரியம் அது. ஆங்கில அரசாங்கம் 1865-ல் கல்கத்தாவில் அந்தப் பழைய முறையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. மாலை கட்டுகிற பண்டாரம் மாரியம்மன் கோயில் பூசாரியாகவும் இருப்பதை நம்ம பக்கத்தில் பார்த்து வளர்ந்த எனக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இல்லை.

வெள்ளைக்காரன் பேச்சு வந்ததால் தொப்பியையும் சொல்லிவிடுகிறேன். பழைய படங்களில் துரைகள் போட்டுக்கொண்டு வருவார்களே, அந்தத் தொப்பி நெட்டியில் செய்ததுதான். சோலா டோப்பி என்று பேர். வெயில் உள்ளே இறங்காது, கனமும் இல்லை. வெயிலுக்குப் போடுவதால் "சோலார்" தொப்பி என்று வெள்ளைக்காரர்களே நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, சூரியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, செடியின் பேர்தான் சோலா என்று திருத்துகிறது. இரண்டாம் உலகப் போரோடு அந்தத் தொப்பிக்கு மவுசு போனது. கல்யாணத் தொப்பி மட்டும் நிற்கிறது.

அம்மாவைச் சமாதானப்படுத்த நானும் ஆராய்ச்சியில் இறங்கினேன். பி.காம் படித்தவளுக்குச் சிலப்பதிகாரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துத் தொழிலாளர் பட்டியல் நீளமாக வரும். கம்மியர், தச்சர், தட்டார், தோல் வேலைக்காரர் எல்லாம் போனபிறகு, துணியிலும் "கிடை"யிலும் பலவகைப் பொருள் செய்கிறவர்கள் வருகிறார்கள். கிடை என்பதற்கு நெட்டி என்று உரை சொல்கிறார்கள். குறையில்லாமல் செய்யத் தெரிந்தவர்கள் என்ற பாராட்டு வேறு. பூம்புகார் எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடுகிற தூரம்தானே! ஆக நெட்டி வேலை வங்காளச் சரக்கு மட்டும் இல்லை, நம்ம ஊரிலும் எத்தனையோ நூற்றாண்டாக இருக்கிறது. தஞ்சாவூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் நெட்டியால் பெரிய கோயில் செய்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதையெல்லாம் போனில் மூச்சு விடாமல் அடுக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோவலன் கல்யாணம் என்னாச்சுன்னு படிச்சியா?" என்று கேட்டார்.

நான் போனை வைத்துவிட்டேன்.

மகளுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்தது தெற்கு இருபத்துநான்கு பர்கானா மாவட்டத்தில், மந்திர்பஜார் பக்கம். அங்கே சில கிராமங்களில் வீட்டுக்கு வீடு இதுதான். வாசலில் ஷோலாக் கட்டு சாய்த்து வைத்திருக்கும், முற்றமெல்லாம் வெள்ளைச் சீவல். மாலாகார்கள் மட்டும் என்றில்லை, இப்போது மற்றவர்களும் செய்கிறார்கள், பெண்கள்தான் அதிகம்.

வேலையின் உயிர் கத்தியில் இருக்கிறது. தோல் சீவிய தண்டைத் தரையில் வைத்து ஒரு கையால் உருட்ட, மறு கையில் பிடித்த நீளமான கத்தி அதை விடாமல் சீவிக்கொண்டே போகிறது. பென்சில் சீவும்போது சுருள் சுருளாக வருமே, அது மாதிரி, ஆனால் அறுபடாமல், ஒரே காகிதமாக வரும். அந்தத் தாளுக்குக் காப் என்று பேர். அதை மடித்து இதழ் வெட்டி, சுருட்டி, நூலால் இறுக்கினால் பூ. ஒட்டுவதற்குப் பழைய காலத்தில் புளியங்கொட்டைப் பசை, இப்போது கடையில் வாங்குகிற பசை. அந்த வீட்டு அம்மாள் பேசிக்கொண்டே, மருமகளைத் திட்டிக்கொண்டே, பார்க்காமலே சீவுகிறார். என் மகள் முதல் ஞாயிற்றுக்கிழமை சீவியது கடலை உருண்டை கட்டத்தான் லாயக்கு. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கட்டைவிரலில் வெட்டு. மூன்றாவது வாரம் அவர், "நான் காப் சீவித் தருகிறேன், நீ பூவை மட்டும் செய்" என்று வங்காளியில் சொன்னார். மகளுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. எனக்கு நிம்மதி.

துர்கா பூஜைக்கு அம்மனை வெள்ளை வெளேரென்று அலங்கரிப்பதும் இவர்கள்தான், அதற்கு ஷோலார் சாஜ் என்று பேர். இன்னொன்று டாகேர் சாஜ், மினுமினுப்பான வெள்ளித்தகடு அலங்காரம். அந்தத் தகடு ஜெர்மனியிலிருந்து தபாலில் வந்ததாம். டாக் என்றால் தபால், அதனால் அந்தப் பேர் என்கிறார்கள். பணக்கார வீட்டுப் பூஜைகளில் எது உசத்தி என்று போட்டியே இருந்ததாம்.

கல்யாண வீட்டில் கையால் செய்கிற வழக்கம் மாலாகாரோடு நிற்கவில்லை. பெண் உட்காரும் மணைப்பலகைக்கு இங்கே பீடி என்று பேர். பெண்ணை அதில் உட்கார வைத்து, அண்ணன் தம்பிகள் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையை ஏழு சுற்று சுற்றுவார்கள். அந்தப் பலகையில் வீட்டுப் பெண்கள் கோலம் எழுதுவார்கள். வரவேற்கிற முறத்துக்கும் வர்ணம். ஸ்ரீ என்று மாவைப் பிசைந்து கோபுரம் மாதிரி பிடித்து வர்ணம் வைப்பார்கள், நம்ம பருப்புத்தேங்காய்க் கூம்புக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். சீர்த்தட்டில் போகிற புடவையைப் பட்டாம்பூச்சியாக மடிப்பார்கள். பெரிய ரோகு மீனுக்குச் சேலை கட்டி மூக்குத்தி போட்டு அனுப்புவார்கள். (எங்கள் அம்மா அந்த மீனைப் பார்த்த பார்வை இருக்கிறதே!) அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் உட்கார்ந்து பண்ணிய வேலை. இந்தக் கோலங்களையும் விரதங்களையும் பற்றி அவனீந்திரநாத் தாகூர் 1919-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதே வருஷம் சாந்திநிகேதனில் கலாபவனம் துவங்கியது. கிராமத்துப் பெண்கள் வாசலில் போட்ட ஆல்பனா அங்கே பாடமாகவே ஆனது. சுகுமாரி தேவி என்பவர் ஆல்பனா சொல்லிக்கொடுத்தார். நந்தலால் போஸின் மகள் கௌரி அதில் பெரிய பேர் எடுத்தார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. பதவி உயர்வில் வங்காளத்துக்கு வந்த புதிதில் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். ஒரு மாலாகார் கடன் கேட்டு வந்தார். பூஜைக்கு முன்னால் ஷோலா வாங்கி வைக்கப் பணம் வேண்டும், பூஜை முடிந்ததும் கட்டிவிடுவேன் என்றார். நான் முறைப்படி சரக்கு இருப்பு பார்க்கப் போனேன். ஒரு அறை நிறைய, கூரை வரைக்கும் ஷோலா. மொத்தமும் எடை போட்டால் ஒரு மூட்டை அரிசிகூட வராது போலிருந்தது. தண்ணீர் பட்டால் பூஞ்சை, தீப்பொறி பட்டால் எல்லாம் போச்சு. வருமானம் வருஷத்தில் நாலு மாதம். நோட்டில் என்னென்ன எழுத வேண்டுமோ எழுதி, மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். விதிப்படி நான் செய்தது சரி. அவர் எழுந்து நின்று நமஸ்காரம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பூஜைக்கு அந்த ஊர்ப் பந்தலில் தெர்மோகோல் அலங்காரம்.

2023 செப்டம்பர் 17, விஸ்வகர்மா ஜெயந்தி அன்று மத்திய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்தது. பதினெட்டு கைத்தொழில்கள். ஜாமீன் இல்லாமல் முதலில் ஒரு லட்சம், அப்புறம் இரண்டு லட்சம், ஐந்து சதவீத வட்டி. சுற்றறிக்கையில் பட்டியலைப் படித்துக்கொண்டு வந்தேன்: தச்சர், கொல்லர், குயவர்... நடுவில் மாலாகார். விஸ்வகர்மாவால் முடியாத வேலையைச் செய்தவனுக்கு விஸ்வகர்மா பேரிலேயே கடன்! சிரிப்பு வந்தது, அந்தப் பழைய மனுஷர் ஞாபகமும் வந்தது. அவர் இன்னும் ஷோலாத் தொழிலில் இருக்கிறாரா என்று விசாரித்தேன். இல்லை என்றார்கள். மகன்கள் கேரளாவில் கட்டட வேலை.

தெர்மோகோலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அலங்காரத்துக்குத் தெர்மோகோல் கூடாது என்று 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. கடையில் கிடைக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும். அதைவிட முக்கியம், செடி வளர்வதற்குச் சதுப்பு வேண்டும். களைக்கொல்லி அடித்த வயலில் ஷோலா முளைப்பதில்லை. குளத்தைத் தூர்த்து வீடு கட்டுகிறோம். நான் வாடகைக்கு இருக்கிற சால்ட் லேக் 1960-களில் உப்பு ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர்தான், அதனால் நான் ரொம்பப் பேசக் கூடாது.

அம்மா கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே கோரமண்டலில் வந்து இறங்கிவிட்டார். ஹால் முழுக்க வெள்ளைப் பூ. ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பூவை எடுத்து மோந்து பார்த்தார். "வாசம் இல்லாத பூ" என்று வைத்துவிட்டார். மகள் விடவில்லை. "அம்மாச்சி, இது மண்டபத்துக்கும் மாப்பிள்ளை தலைக்கும்தான். கழுத்துக்கு நிஜப்பூ. சரியா?" பேச்சுவார்த்தை இரண்டு நாள் நடந்தது. கடைசியில் கழுத்தில் ஏறுகிற எதுவும் நெட்டியாக இருக்கக்கூடாது என்று ஒப்பந்தம்.

அதற்கடுத்த நாள் நான் பேங்கிலிருந்து வந்து பார்த்தால் அம்மா தரையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மகள் கெடுத்துப்போட்ட தண்டுகளை எல்லாம் வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருக்கிறார். ஒரே அளவு. "பொங்கலுக்கு முன்னாடி எங்க ஆத்தா வீட்டுல நாங்கதான் நறுக்கிக் கோப்போம். இதை ஏன் வீணாக்கறீங்க" என்றார். இங்கே தாளாகச் சீவுகிறார்கள், நம்ம ஊரில் துண்டாக நறுக்குகிறோம். மஞ்சளும் குங்குமமும் கரைத்துச் சாயம் ஏற்றினார். பேத்திக்கு எப்படிக் கோர்ப்பது என்று காட்டினார். மூன்று மாலை ஆயிற்று. "வாசல்ல கட்டு. கழுத்துக்கு இல்லை" என்று ஞாபகப்படுத்தினார்.

காலையில் நம்ம முறைப்படி தாலி, லேக் மார்க்கெட்டில் சொல்லிவைத்த ரோஜா, சம்பங்கி மாலை. சாயங்காலம் வங்காள முறை. மாலை மாற்ற ரஜனிகந்தா, அதாவது அதே நம்ம சம்பங்கிதான், மெக்ஸிகோவிலிருந்து வந்த பூ. மேலே கூரையிலிருந்து மகள் செய்த அறுநூற்றுச் சொச்சம் ஷோலாப்பூ தொங்கியது. பாதிக்கு மேல் கோணல், தூரத்தில் தெரியவில்லை. டோபோரை மட்டும் மந்திர்பஜார் அம்மாளிடம் கொடுத்துச் செய்தோம். அவரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார். வாசலில் கட்டியிருந்த அம்மாவின் மாலைகளைத் தொட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கம்மாவுக்கு வங்காளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. வில்லையைக் காட்டி ஏதோ கேட்டார், அம்மா கையால் நறுக்கிக் காட்டினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஊருக்குத் திரும்பும்போது அந்த மூன்று மாலைகளையும் அம்மா பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். தை இரண்டாம் தேதி போன் வந்தது.

"ரெண்டு மாலையைச் செவலைக்கும் கன்னுக்குட்டிக்கும் போட்டேன். கன்னுக்குட்டி திங்கப் பாத்துது, பிடுங்கி வச்சிருக்கேன்."

"மூணாவது?"

"அது சாமி ரூம்ல கிடக்கு. உம் பொண்ணு கோத்தது அது. முடிச்சே சரியாப் போடலை, அவிழ்ந்து அவிழ்ந்து விழுது. அடுத்த வருஷம் வரச்சொல்லு, சொல்லித்தர்றேன்."